கேமரா இன்னும் பொட்டிக்குள்ளதான் இருக்குது

சாமி,

நீ கூரியர்ல அனுப்புன கேமரா போன வாரமே வந்து சேந்துருச்சு. பொட்டியப் பிரிக்கக்கூட இல்ல, சமையல் ரூமுல அரிசி டின்னு மேல வெச்சிருக்கறேன். நீ போன்ல கேக்கறப்பெல்லாம் ஏணி சரியில்ல, வயரு தீந்துபோச்சு, செவுத்துல ஓட்டை போடற மிஷின இன்னொருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாருன்னு ஒவ்வொரு சாக்காச் சொல்லீட்டு இருந்தேன். "அம்மா, ஊரெல்லாம் கேமரா மாட்டறவிங்க நீங்க, நம்மூட்டுல ஒண்ணு மாட்டறதுக்கு இத்தன நாளா?"ன்னு நீ சிரிச்சே. நானும் சேந்து சிரிச்சேன். போன வெச்சப்புறம் அந்தப் பொட்டியத் தொடறதுக்கே எனக்குக் கை வரமாட்டேங்குது. ஏன்னு போன்ல சொல்லலாம்னா, நீ நடுவுல பூந்து சமாதானம் சொல்லுவே, நானும் சரி உடுன்னு உட்டுருவேன். அதனாலதான் எழுதறேன். அயர்லாந்துக்குப் பொறப்படறதுக்கு முன்னாடி இத நீ முழுசாப் படிச்சரோணும்.

உங்கப்பா இருந்தப்ப டிவி ரிப்பேருக் கடைன்னுதான் நம்ம கடைக்குப் பேரு. அப்புறம் கம்ப்யூட்டரு, வைஃபை, இன்வெர்ட்டருன்னு காலம் என்ன கேட்டுச்சோ அதையெல்லாம் நான் கத்துக்கிட்டேன். அவரு போனதுக்கப்புறம் பொம்பள ஏணி மேல ஏறறாளேன்னு பேசுனவிங்களே, இந்த எல்லையோரத்துல கொழிஞ்சாம்பாறைலிருந்து வாளையாரு வரைக்கும் இப்ப என்னத்தான் கூப்புடறாங்க. மலையாளத்துக்காரங்க "சேச்சி"ங்கறாங்க, நம்ம சனம் "அக்கா"ங்குது. மொதல்ல எல்லாரும் கேமரா கேட்டது திருட்டுக்குப் பயந்துதான். அரிசி மில்லு, தென்னந்தோப்பு, லாரி நிறுத்தற எடம், இப்படித்தான் மாட்டீட்டு இருந்தேன். திருடனப் பாக்கறதுக்கு மாட்டுன கேமராவ, பெத்தவிங்களப் பாக்கறதுக்கு எப்ப இருந்து மாட்ட ஆரம்பிச்சோம்னு எனக்கே ஞாபகமில்ல. இப்ப வர்ற வேலைல பாதி அதுதான். பையன் துபாய்ல, பொண்ணு ஆஸ்திரேலியாவுல, ஊட்டுல ஒத்தையா ஒரு அம்மா இல்லைன்னா ஒரு அப்பா. அங்கிருந்து ஆர்டரு வரும். "அக்கா, ஹால்ல ஒண்ணு, சமையல் ரூமுல ஒண்ணு, பாத்ரூமுக்குப் போற வழில ஒண்ணு." பெத்தவிங்ககிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கறதில்ல. நானும் கேட்டதில்ல.

இதையெல்லாம் படிச்சுட்டு, அம்மா திடீர்னு மிஷினுக்கு விரோதியாயிட்டாளான்னு நெனைக்காத. மிஷின்லதான் நாம சோறு தின்னோம், அதுலதான் நீ படிச்சே. கஸ்டமருக்கு இங்கிலீஷ்ல பதில் எழுதறதுக்கு நானும் அந்த ஏஐயத்தான் கேக்கறேன். வயரு அந்து போச்சுன்னு சொல்லுன்னா, "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்"ங்கற தினுசுல ஆரம்பிக்குது. அட எழவே, அவருக்கு நெட்டு இல்லைன்னு நிக்கறாரு, நலம் விசாரிக்கறயான்னு அத அழிச்சுட்டு அனுப்புவேன். அதே ஏஐ வந்துதான் உங்க கொச்சி ஆபீசுல உன்ற டீமையே ஒட்டுக்கா வேண்டாம்னுட்டாங்க. அன்னிக்கு நீ சாப்புடாம படுத்துக்கிட்டது எனக்கு மறக்கல. அதுக்கப்புறம் கெடச்சதுதான் இந்த அயர்லாந்து வேலை. அதனால போகாதேன்னு நான் சொல்ல வரல, அந்த வெசனம் உனக்கு வேண்டாம். நீ தாராளமாப் போ. நான் பேச வந்தது அந்தப் பொட்டியப் பத்தி மட்டுந்தான்.

தெய்வானைப் பெரீம்மாள உனக்குத் தெரியும். நமக்கு ஒறவில்ல, ஆனா வாய் நெறையப் பெரீம்மான்னுதான் கூப்புடுவோம். கள்ளுக்கடை முக்குத் தாண்டி, ஓட்டு ஊடு, வாசல்ல கறிவேப்பிலை மரம். அவிங்க பையன் சிவா கனடாவுல இருக்கறான். அவன் சொல்லித்தான் அவிங்கூட்டு ஹால்ல கேமரா மாட்டுனேன். ரெண்டு பக்கமும் பேசற கேமரா. அவன் அங்கிருந்து பேசுனா இங்க அதுக்குள்ளயே இருக்கற ஸ்பீக்கருல கேக்கும், இவிங்க பேசறது அங்க கேக்கும். மொத நாளு பெரீம்மா என்னப் புடிச்சு ஏசுனாங்க பாரு. "ஏன் அம்மிணி, நான் என்ன பேங்கா? என்னையக் காவலு காக்கோணுமா?" நான் சிரிச்சுட்டே, "உங்க பையன் உங்களப் பாக்கோணும்னு ஆசப்படறானுங்க பெரீம்மா"ன்னேன். அந்த ஒரு வார்த்தைல அவிங்க அடங்கீட்டாங்க. போயி மூஞ்சி கழுவி, வேற சீல கட்டீட்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் சேரு எடுத்து கேமராவுக்கு நேரா போட்டு உக்காந்தாங்க. "இப்பத் தெரியறனா?"ன்னு கேட்டாங்க.

அன்னீலிருந்து அந்தச் சேரு அங்கிருந்து நகரல. காப்பி குடிக்கறது அதுலதான், கீரை ஆயறது அதுலதான், டிவி பாக்கறதும் அதுல உக்காந்து கழுத்தத் திருப்பித்தான். கேமரா மக்கர் பண்ணினா நேருல போகாமயே பாக்கலாம்னு, கஸ்டமரு சம்மதத்தோட என்ற போன்லயும் அதச் சேத்து வெக்கறது நம்ம வழக்கம். அதனால நான் எப்பவாவது தொறந்து பாத்தா, அவிங்க கேமராவப் பாத்துப் பேசீட்டு இருப்பாங்க. மழை வருமாட்ட இருக்குது சிவா. எதுத்தூட்டுல பொண்ணு பாக்க வந்திருக்காங்க சிவா. சாப்புட்டயா சாமி. அவன் பாக்கறானா இல்லையான்னு அவிங்களுக்குத் தெரியாது. அவனுக்கு அது நடுச்சாமமா இருக்கும். வேற ஒருத்தரு பாத்துட்டு இருந்தா என்ற போன்ல மூலைல சின்னதா ஒரு கண்ணு படம் வரும். முக்கால்வாசி நேரம் அந்தக் கண்ணு இருக்காது. அத அவிங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கு மனசு வரல, சொல்லவேயில்ல.

அன்னிக்கு நான் ஒரு அரிசி மில்லுல ஏணி மேல நின்னுட்டு இருந்தேன். வெடியால வேலை ஆரம்பிச்சு சித்த நேரம்தான் ஆயிருக்கும், சிவா கூப்புட்டான். அவனுக்குப் படுக்கற நேரம். "ஏனுங்க்கா, அம்மா போனே எடுக்க மாட்டேங்கறாங்க. கேமராவுல பாத்தா சேர்லதான் உக்காந்திருக்காங்க. பேசிப் பாத்தேன், திரும்பவே மாட்டேங்கறாங்க. ஸ்பீக்கரு போயிருச்சுங்களா?" சாமி, இங்கதான் கேளு. ஒரு மனுசி பதில் பேசலைங்கறான். எனக்கு ஒடனே புத்தி எங்க போச்சு தெரியுமா? அந்த மாடலு ஸ்பீக்கருக்குத்தான் போச்சு. ஈரம் பூந்தா அது அடிக்கடி அடைச்சுக்கும். "இருங்க தம்பி, பாக்கறேன்"னு ஏணில நின்னுட்டே போனத் தொறந்து, இங்கிருந்தே கேமராவ ரீஸ்டார்ட் பண்ணினேன். படம் போயிட்டுத் திரும்ப வந்துச்சு. பெரீம்மா உக்காந்திருந்தாங்க. தல லேசாச் சாஞ்சிருந்துச்சு. முந்தானி ஆடீட்டு இருந்துச்சு. அசைவு இருந்தா எங்க போனுக்கு மணி அடிக்கும், அதுவும் டிங்குன்னு அடிச்சுது. "அசையறாங்க தம்பி, நல்லாத்தான் இருக்காங்க. ஸ்பீக்கருதான் போயிருக்கும். பொழுதோட போயி வேற மாத்தீட்டு வந்தர்றேன், நீங்க தூங்குங்க"ன்னேன். "சரிங்க்கா, அப்ப சரி"ன்னான். நிம்மதியாத் தூங்கப் போனான். நான் நிம்மதியா மில்லு வேலையப் பாத்தேன்.

முந்தானிய ஆட்டுனது ஃபேனு, சாமி. மேல சுத்தீட்டு இருந்த ஃபேனு.

சாயங்காலம் பள்ளிக்கூடம் உட்டு புள்ளைங்கெல்லாம் ரோட்டுல வர்ற நேரத்துக்கு அங்க போனேன். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. டிவி ஓடீட்டு இருந்துச்சு. பெரீம்மா சேர்ல கண்ண மூடீட்டு இருந்தாங்க. தூங்கறாங்க, எழுப்ப வேண்டாம்னு நெனச்சு, டிவியக் கொறைச்சுட்டு, சத்தமில்லாம ஸ்டூலப் போட்டு ஏறுனேன். அவிங்களுக்கு முதுகக் காட்டீட்டு வேலை செஞ்சேன். வேலை செய்யறப்ப வாயி சும்மா இருக்காதே எனக்கு, "உங்க பையன் வெடியாலிருந்து கத்தீட்டு இருக்கறானுங்க பெரீம்மா, இந்தக் கர்மம் புடிச்ச ஸ்பீக்கரு"ன்னு மெதுவாப் பேசீட்டே பழைய கேமராவக் கழட்டிப் புதுச மாட்டுனேன். புதுசு வேலை செய்யுதான்னு பாக்க என்ற போன்ல "ஹலோ"ன்னேன். ஹால் முழுக்கக் கேட்டுச்சு. பெரீம்மா எந்திரிக்கல. சரி, பழசுல என்ன கோளாறுன்னு பாக்கலாம்னு அதையும் பிளக்குல சொருகி "ஹலோ"ன்னேன். அதுவும் கணீர்னு கேட்டுச்சு. அந்த ஸ்பீக்கருக்கு ஒரு கேடும் இல்ல. ஸ்டூலு மேல நின்னவளுக்கு அப்பத்தான் ஒறச்சுது. ஸ்பீக்கரு நல்லா இருந்தா, சிவா வெடியால கூப்புட்டது இவிங்க காதுல உழுந்திருக்கோணுமே? திரும்பிப் பாக்கறதுக்கே எனக்கு நேரமாச்சு. எறங்கி வந்து கையத் தொட்டேன். அதுக்கு மேல உனக்குச் சொல்ல வேண்டியதில்ல.

மொத வேலையா மாட்டுன கேமராவோட பிளக்கப் புடுங்குனேன். அவன் முழிச்சிருந்து பாத்துட்டா என்ன பண்றதுன்னு. அப்புறம் அவனுக்குக் கூப்புட்டேன். என்ன சொல்றது, எப்படி ஆரம்பிக்கறதுன்னு ஒண்ணும் தெரியல. அவன் தூக்கத்துல "சொல்லுங்க்கா"ன்னான். "தம்பி, ஸ்பீக்கரு நல்லாத்தான் இருக்குதுங்க"ன்னேன். அவ்வளவுதான் வந்துச்சு வாயில. அப்புறம் அவன் போட்ட சத்தம் இருக்குதே, அத நான் எழுத மாட்டேன்.

டாக்டரு வந்து பாத்துட்டு, காலைலயே போயிருக்கோணும், எப்பன்னு கரெக்டாச் சொல்ல முடியாதுன்னாரு. எனக்கு அந்தக் கரெக்டுதான் வேண்டியிருந்துச்சு. சிவா கூப்புடறதுக்கு முன்னாடியேவா, நான் ரீஸ்டார்ட் பண்ணினதுக்கு அப்புறமா? மில்லுலிருந்து அவிங்கூடு வண்டில போனா ஒரு காப்பி ஆறற தூரந்தான். அப்பவே ஓடியிருந்தா? சோறு உருட்டி வாயில வெக்கறப்ப இது வரும். ஏணில ஏறுனா வரும். ஹெல்மெட்டு போடலைன்னா ரோட்டுக் கேமரா படம் புடிச்சு ஊட்டுக்கு நோட்டீசு அனுப்புது, மூஞ்சியப் பாத்தா ஆளு யாருன்னு சொல்லுது. உசுரு இருக்குதா இல்லையான்னு சொல்றதுக்கு நானும் ஒண்ணும் மாட்டல, யாரும் ஒண்ணும் விக்கல.

சிவாவால வந்து சேர முடியல. அந்த வாரம் எங்கியோ சண்டைன்னு பாதி வானத்தப் பூட்டி வெச்சிருந்தாங்க, டிக்கெட்டு எடுத்த பிளைட்டெல்லாம் நின்னு போச்சு. "அக்கா, அந்தக் கேமராவ மறுபடியும் போட்டு உடுங்க"ன்னு கேட்டான். போட்டு உட்டேன். பெரீம்மாளக் குளிப்பாட்டி, கோடிச் சீல போத்தி, ஹால்ல கெடத்தியிருந்தத அதுலதான் பாத்தான். பொம்பளைங்க கட்டிப் புடிச்சு அழுதத, பெரியப்பா பையன் அவனுக்குப் பதுலா வாய்க்கரிசி போட்டத, எல்லாத்தையும் பாத்தான். தூக்கீட்டுப் போனதுக்கப்புறம் ஊடு கழுவி உட்டாங்க. காலி ஹாலு. என்ற போன்ல மூலைல அந்தக் கண்ணு அப்பவும் இருந்துச்சு. பெரீம்மா உசுரோட இருந்தப்ப வராத கண்ணு.

ஊட்டுச் சாவிய என்கிட்டத்தான் குடுத்திருக்கறான். கேமராவ எடுக்கச் சொல்லல, நானும் கேக்கல. பூட்டுன ஊட்டுக்குள்ளிருந்து என்ற போனுக்கு மணி வரும் சாமி. பாத்திரம் தேய்ச்சுட்டு இருப்பேன், டிங்குங்கும். பல்லியா இருக்கும், காத்துல காலண்டரு ஆடியிருக்கும். தெரியும். ஆனாலும் கையத் தொடச்சுட்டு ஓடி வந்து தொறந்து பாப்பேன். காலிச் சேரு. மூலைல கண்ணு. கனடாவுல அவனும் மணி கேட்டுத் தொறந்திருக்கறான். ரெண்டு பேரும் ஒரு காலிச் சேரப் பாத்துட்டு இருப்போம், ஒருத்தருக்கொருத்தரு ஒண்ணும் பேசிக்க மாட்டோம். எனக்குப் பயமா இருந்துச்சு. பேயின்னா பயமில்ல, பெரீம்மா பேயா வந்தா உக்கார வெச்சுப் பேசீட்டுத்தான் இருப்பேன். இப்படியே நான் காலத்துக்கும் பாத்துட்டு இருப்பனோன்னுதான் பயம்.

அதனால ஒரு நாள் மத்தியானம் ஸ்க்ரூடிரைவர எடுத்துட்டுப் போனேன். கதவத் தொறந்து ஸ்டூலப் போட்டு ஏறி, கை வெச்சதுதான். "அக்கா, கழட்டாதீங்க"ன்னு சத்தம். மூஞ்சிக்கு நேரா. கீழ உழாம செவுத்தப் புடிச்சுட்டு நின்னேன். "தம்பி, இது இனி எதுக்குங்க? உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்"னேன். அப்புறம், "சித்த நேரம் அந்தச் சேர்ல உக்காருங்க்கா"ன்னான். எதுக்குன்னு நான் கேக்கல. எறங்கிப் போயி உக்காந்தேன். கேமராவப் பாத்து உக்காந்தப்பத்தான் தெரிஞ்சுது, அந்தப் பக்கத்துல யாரும் இருக்கறாங்களான்னு இங்கிருந்து ஒண்ணுமே தெரியாது. கறுப்பா ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். பெரீம்மா இத்தன நாளும் பேசுனது அதுகிட்டத்தான். "கையத் தூக்குங்க்கா, ஒருக்கா"ன்னான். தூக்குனேன். "இன்னொருக்கா." தூக்குனேன். அந்தப் பக்கம் அவன் அழுக ஆரம்பிச்சான். அவன் அழுது முடியற வரைக்கும் நான் கைய எறக்கல.

அதுக்கப்புறம் அவனே சொன்னான், "எடுத்துருங்க்கா"ன்னு. எடுத்துட்டு வந்துட்டேன். சேர மடக்கி வெக்க முடியாது, அதனால செவுத்தப் பாத்துத் திருப்பிப் போட்டுட்டு வந்தேன்.

இப்ப நீ சொல்லு, அந்தப் பொட்டிய நான் எப்படிப் பிரிப்பேன்? நீ நல்ல புள்ளை. சிவாவும் நல்ல புள்ளைதான். மொத மாசம் நீயும் காலைல ஒருக்கா, ராத்திரி ஒருக்கா பாப்பே. அப்புறம் மீட்டிங்கு இருக்கும், குளுரு இருக்கும், அங்க ஒரு வாழ்க்கை வந்துரும், வரோணும். பாக்காத நாள்ல உனக்குக் குத்தமா இருக்கும். அதுக்குப் பயந்து ஒருக்காத் தொறந்து, அம்மா இருக்கறாங்கன்னு பாத்து மூடீருவே. பாத்தா போதும்னு மனசு ஏமாந்துக்கும். என்ற மனசு அப்படித்தான் ஏமாந்துச்சு, அதுவும் இந்தத் தொழில்லயே ஊறிப் போனவ மனசு. இன்னொன்னும் இருக்குது, வெக்கப்படாமச் சொல்லீர்றேன். கேமரா இருந்தா நானும் அதுக்கு நேரா சேரு போட்டு உக்காந்துக்குவேன். நல்ல சீல கட்டீட்டு உக்காந்துக்குவேன். எனக்கு என்னையத் தெரியும்.

அதனால நான் மாட்ட மாட்டேன். நீ கோவிச்சாலும் சரி. அதுக்குப் பதுலா தெனமும் வெடியால நானே உனக்குக் கூப்புடுவேன். நீ எடுக்க முடியலைன்னா பரவால்ல, மணி அடிச்சா போதும். இனிமே ஊட்டுல பெத்தவிங்களப் பாக்கக் கேமரா கேக்கறவிங்ககிட்டயும், பக்கத்தூட்டுல ஒருத்தருகிட்டச் சாவி குடுத்து வெச்சாத்தான் மாட்டுவேன்னு சொல்லீட்டேன். ரெண்டு பேரு வேற ஆளப் பாத்துட்டுப் போயிட்டாங்க, போகட்டும். நம்மூட்டுச் சாவி எதுத்தூட்டு ருக்குமணிகிட்ட இருக்குது. அவ நம்பர உனக்கு அனுப்பியிருக்கறேன், உன்ற போன்ல போட்டு வெய்யி.

என்ற போனு வராத நாளு ஒண்ணு வரும். அன்னிக்கு நெட்டா, கரண்டா, போனு கீழ உழுந்துருச்சான்னு யோசிச்சுட்டு இருக்காத. நீ கெட்டிக்காரன், நல்லா யோசிப்பே, அதுதான் எனக்குப் பயமே. ஒடனே ருக்குமணிக்குக் கூப்புடு. கதவத் தொறந்து உள்ள போகச் சொல்லு. ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு, "உங்கம்மா உக்காந்துதான் இருக்காங்க தம்பி"ன்னு அவ சொல்லலாம். அப்ப போன வெச்சராத சாமி. தொட்டுப் பாத்தீங்களான்னு கேளு.